ரொறொன்ரோவில் ஒரு துவக்கும் ஒரு பெட்டிப் பரல்களும்

"இவர் பரல் சேர்க்கிறார் அக்கா, என்னால ஏலாமப் போச்சு" என்று என் தங்கை மாலதி கனடாவிலிருந்து தொலைபேசியில் அழுதபோது, தண்ணீர்ப் பரல் என்றுதான் நினைத்தேன். மட்டக்களப்பில் எங்கள் பேக்கரிக்குப் பின்னால் நீல நிறப் பரல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு மனிதன் அதைச் சேர்ப்பதற்கு மனைவி ஏன் அழ வேண்டும்?

"வீட்டு முத்தத்தில இடமிருந்தா வைக்கட்டுமே" என்றேன்.

அழுகை நின்றது. கோபம் வந்தது. "துவக்குப் பரல் அக்கா! குண்டு போற குழாய்!"

விஷயம் இதுதான். மாலதியின் கணவர் நித்தியிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு குண்டு போடும் ரகம். அதன் விசேஷம் என்னவென்றால், குழலைக் கழற்றிவிட்டு வேறு குழல் பூட்டலாம். நித்தி பல வருடங்களாக அந்தக் குழல்களைத் தேடித் தேடி வாங்கி நிலவறையில் அடுக்கி வைத்திருக்கிறார். இப்போது அவர்கள் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய புது வீட்டுக்குப் போகிறார்கள். புது வீட்டுக்குள் ஒன்று துவக்கு வரும் அல்லது தான் வருவேன் என்று மாலதி சொல்லிவிட்டாள். நித்தி அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவளை என்னிடம் தொலைபேசி எடுக்க வைத்தது.

"நீ வந்து சொன்னாக் கேப்பார்" என்றாள்.

நித்தி என் சொல்லைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை. எங்களூர்த் தயிரைத் தவிர மட்டக்களப்பில் வேறெதையும் அவர் முழு மனதாக ஒப்புக்கொண்டதில்லை. இருந்தாலும் பால் காய்ச்சும் நாளுக்கும் போனதாக இருக்கும் என்று பேக்கரியைப் பாண் சுடும் போரணைக்காரர்களிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தாடிக்கார இளைஞர், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். கோதுமை மா முகவர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம் என்னுடையது. சுற்றி வளைக்கத் தெரியாது. "தங்கையின் கணவரிடமிருந்து துப்பாக்கியைப் பிரிக்க வந்தேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்து அறையில் போய் உட்காரச் சொன்னார்.

அந்த அறையில் என்னோடு கருவாட்டுப் பொதியுடன் பிடிபட்ட ஒரு குடும்பம் இருந்தது. கருவாடு எந்த மீன் என்று வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்தார். துப்பாக்கி என்றால் என்ன துப்பாக்கி? பதிவு செய்ததா? குடும்பத்தில் சண்டையா? எனக்குத் தெரிந்த ஒரே விடை நித்தியின் தொலைபேசி எண். அவர் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்தார். அதிகாரி அழைத்தார்.

நித்தி பேச ஆரம்பித்தார். அதிகாரியின் முகம் முதலில் கவலையாக இருந்தது. பிறகு பொறுமையாக மாறியது. பிறகு, கடனுக்குப் பாண் வாங்க வந்தவரின் குடும்பக் கதையைக் கேட்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆயிற்று. இடையில் இரண்டு தடவை "நன்றி ஐயா" என்று சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியில் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"இவர் எப்போதும் இப்படித்தானா?"

"எப்போதும்" என்றேன்.

கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது. போகும்போது, "உங்கள் தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று மாலதி புட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தாள். வீடு முழுக்கக் கட்டிய பெட்டிகள். சாப்பாட்டு மேசையில் நித்தி மலர்ந்த முகத்தோடு, "அந்த ஒஃபிசர் நல்ல இன்ரறெஸ்ரா கேட்டவ அக்கா" என்றார். அவர்களுடைய மகள் அபிராமி சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, ஷி வோஸ் ட்ரையிங் டு எஸ்கேப்" என்றாள். மாலதி இரண்டு பேரையும் பார்க்காமல் எனக்கு இன்னொரு அகப்பை புட்டு வைத்தாள். அந்தப் புட்டு என் பக்கம் நில் என்று சொல்லும் புட்டு.

அடுத்த நாள் காலை நித்தி என்னை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பயந்துதான் போனேன். சுவரில் மான் தலை, புலித்தோல் என்று எதையாவது எதிர்பார்த்தேன். சலவை இயந்திரம், அரிசி மூட்டை, ஓர் இரும்புப் பெட்டகம், அதன் பக்கத்தில் நீளமான மரப்பெட்டி. பெட்டிக்குள் காலுறைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் காலுறை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குழல் தூங்கிக்கொண்டிருந்தது.

"அபியின்ர பழைய சொக்ஸ். பருத்தி, கீறாது" என்றார்.

நித்தி பொய்ப்பல் செய்யும் கூடமொன்றில் வேலை செய்கிறவர். மினுக்குவது, அராவுவது, மயிரிழை அளவு கழிப்பது, இதெல்லாம் அவருடைய தொழில். ஊரார் பல்லை மினுக்கி மினுக்கிக் கைக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பெட்டகத்தைத் திறந்து துப்பாக்கியை எடுத்து, குண்டு இல்லை என்று முதலில் எனக்குக் காட்டினார். முன்பக்கத்து மரப்பிடியைக் கழற்றினார். ஓர் ஆணியைத் தள்ளினார். குழல் கையோடு வந்தது. வேறு காலுறையிலிருந்து இன்னொரு குழலை எடுத்துப் பொருத்தி ஆணியை இறுக்கினார். முன்பிருந்தது மெல்லியது, இது தடித்து நீண்டது. இரண்டுக்கும் வெவ்வேறு குண்டு.

எனக்கு உடனே விளங்கியது. கேக்குக்கு ஐசிங் போடும் பையின் மூக்கை மாற்றுவது போல. பூவுக்கு ஒரு மூக்கு, பெயர் எழுத ஒரு மூக்கு.

"அச்சொட்டா அதுதான்!" என்றார் நித்தி. அவரை நான் இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது கிடையாது.

"இத வச்சு என்ன சுடுறீங்க?"

அமெரிக்காவில் இந்த மாதிரித் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டாம். கனடாவில் கைத்துப்பாக்கியால் வேட்டையாடவே கூடாதாம். அனுமதி பெற்ற கழகத்துக்குக் கொண்டுபோய்க் கடதாசி இலக்கைச் சுடலாம். நித்தி அந்தக் கடதாசிக்கும் பெரிய ஆபத்தொன்றும் விளைவிக்கவில்லை. வருடத்துக்கு ஓரிரு தடவை போவார். மற்றபடி குழல் தேடுவது, குழல் வாங்குவது, குழலுக்கு எண்ணெய் போடுவது.

"அப்ப இத வித்துட்டாத்தான் என்ன?"

"விக்கேலாது அக்கா." அவர் குரலில் ஒரு வெற்றி. "சட்டம் மாறிப்போச்சு. கைத்துவக்கை இப்ப என்னை மாதிரி ஆக்கள் விக்கவும் ஏலாது, வாங்கவும் ஏலாது, பிள்ளைக்குக் குடுக்கவும் ஏலாது. ஆனா பரல் வாங்கலாம். லைசென்ஸ் இருந்தாச் சரி."

தேநீர்க் கேத்தலை விற்கக் கூடாது, ஆனால் அதன் மூக்கை மட்டும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். இந்த நாட்டில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

படிக்கட்டின் மேலிருந்து மாலதியின் குரல் வந்தது. "பொலிசிட்டக் குடுக்கலாம். கூப்பிட்டா வந்து எடுத்துட்டுப் போவாங்க. அத ஏன் சொல்றாரில்ல?"

"உருக்கிப் போடுவாங்கள்!" என்றார் நித்தி. அபிராமியை உருக்கச் சொன்னதுபோல் இருந்தது அவர் முகம்.

அன்று மாலதியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். பயமா? இல்லை, பூட்டித்தான் வைக்கிறார். செலவா? இல்லை, அவர் குடிப்பதுமில்லை, புகைப்பதுமில்லை. பிறகு என்னதான்? "எனக்கு வேணாம், அவ்வளவுதான்" என்றாள். வெங்காயம் வெட்டும் வேகம் கூடியது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான், கேட்டால் வெட்டுவாள்.

சமாதானப் பேச்சுவார்த்தை இப்படி முதல் நாளே முறிந்ததால், மறுநாள் அவர்களை விட்டுவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினேன். லோரன்ஸ் வீதியில் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் நடத்துனர் தள்ளி ஏற்றுவார், பாட்டு அலறும், யார் எங்கே இறங்க வேண்டும் என்பது பஸ் முழுவதற்கும் தெரியும். இங்கே பஸ் ஓர் ஆஸ்பத்திரி போல அமைதியாகப் போகிறது. அந்த அமைதியில் எனக்கு நித்திரை வந்துவிட்டது. கண் விழித்தபோது பஸ்ஸில் நானும் சாரதியும் காதுத் தொப்பி போட்ட ஒரு பெரியவரும்தான். கோடைகாலத்தில் காதுத் தொப்பி போட்டிருந்தால் அவர் நம்மவர்தான்.

"கடைசி ஸ்ரொப் பிள்ளை, இறங்கோணும்" என்றார். இறங்கியதும், "எந்த ஊர்?" என்றார்.

மட்டக்களப்பு என்றதும் தயிரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். இங்கே யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"ஆர், பைப் நித்தியோ?" அவர் ஓரடி பின்வாங்கினார். "தங்கமான மனுசன். ஆனா கலியாண வீட்டில அவருக்குப் பக்கத்துக் கதிரையில இருந்திடக்கூடாது. போன முறை நான் சோறு ஆறிப்போய்ச் சாப்பிட்டனான்."

அவரே என்னைத் திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வழியில் இறங்க வேண்டிய ஒரு சாப்பாட்டுக் கடையையும் சொன்னார். அங்கே ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கினேன். தொழில்முறையில் சொல்கிறேன்: மேல் மாவு நன்றாகப் பொரிந்திருந்தது, உள்ளே உருளைக்கிழங்கு இறைச்சியை நாடு கடத்தியிருந்தது. மீன் பணிஸ் மட்டும் பரவாயில்லை. கொத்து ரொட்டிக்காரர் இரும்புத் தகட்டில் அடிக்கும் தாளம் ஊரில் போலவே இருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர், ஸ்ரௌவ்வில்லில் ஒரு பால் பைக்குக் கூடக் கார் எடுக்க வேண்டும் என்று சலித்துக்கொண்டார்கள். இருவரும் அங்கே வீடு வாங்கியவர்கள் என்று அந்தச் சலிப்பின் பெருமையிலிருந்து தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் நித்தி வாசலிலேயே நின்றார். முகம் சிவந்திருந்தது. யூனியன்வில்லில் ஒரு விதவை அம்மாவிடம் எண்கோணக் குழல் ஒன்று இருக்கிறதாம். வட்டமாக அல்ல, எட்டுப் பட்டையாகச் செதுக்கிய பழைய குழல். இத்தனை வருடமாக அவர் தேடியது.

"மாலதி வரமாட்டா. நீங்கள் வாங்கோ அக்கா. ஒரு பொம்பிளை கூட வந்தால் அந்த அம்மா பயப்பிடமாட்டா."

தூது வந்த நான் ஒரே நாளில் எதிரிப் படையில் சேர்ந்துவிட்டேன். மாலதி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத விரும்பவில்லை.

யூனியன்வில்லில் அந்த அம்மாவின் வீடு பழைய மர வீடு. ஹெலன் என்று பெயர். எண்பதை நெருங்கும் வயது, உரத்த குரல். நித்தியின் துப்பாக்கி லைசென்சை வாங்கிக் கையை நீட்டி வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, "படத்தில் திருடன் மாதிரி இருக்கிறீர்கள், உள்ளே வாருங்கள்" என்றார். குழல் எங்கே என்று நித்தி கேட்டார். சமையலறையைக் காட்டினார்.

சமையலறை யன்னல் மேலே தூக்கித் திறக்கும் பழைய ரகம். அதன் கயிறு அறுந்துபோயிருந்தது. கண்ணாடிச் சட்டம் கீழே விழாமல் முட்டுக்கொடுத்து நின்றது அந்த எண்கோணக் குழல்.

நித்தி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாற்பது வருடம் இது ஒரு முதலீடு என்று சொன்னார் என் கணவர்" என்றார் ஹெலன் என்னிடம். "இப்போதுதான் பலன் தருகிறது. அதை எடுத்தால் என் யன்னல் விழும். யன்னலுக்கு வழி சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு போங்கள்."

காரில் நித்தியின் கருவிப் பெட்டி இருந்தது. சட்டையைச் சுருட்டிக்கொண்டு யன்னலைக் கழற்றத் தொடங்கினார். நாங்கள் இருவரும் மேசையில் தேநீர் குடித்தோம். ஹெலன் ஒரு கேக் வைத்தார். எலுமிச்சைக் கேக். நடுவில் வேகவில்லை, ஆனால் நான் விருந்தாளி.

கணவரின் துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போலிஸ் எடுத்துப் போனது" என்றார் ஹெலன். "அவர் திடீரென்று போய்விட்டார். பெட்டகத்தின் எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே எனக்குச் சொல்லக்கூடாது. ஒழுங்கான மனிதர், சொல்லவேயில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் இரண்டு போலிஸ்காரர்களும் ஒரு பூட்டுக்காரரும் வந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் மேலே சாப்பாடு பரிமாறுகிறார்கள், கீழே துளைபோடும் சத்தம். காலை முழுக்க. நான் கறுப்பு உடுப்போடு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். நாயோடு நடந்து போன அயலவர்கள் எல்லாம், நான் என்ன குற்றம் செய்தேன் என்று பார்த்துக்கொண்டே போனார்கள்."

யன்னலில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது.

"போலிஸ்காரர்கள் நல்ல பிள்ளைகள்" என்றார் ஹெலன். "சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலுறையோடு நின்று என் வீட்டைத் துளைத்தார்கள்." பிறகு கேக் கத்தியைத் துடைத்துக்கொண்டு, "அதை எடுத்துப் போனதும் நான் நன்றாகத் தூங்கினேன். இன்னொரு துண்டு?" என்றார்.

புதுக் கயிறு போட்ட யன்னல் ஒரு விரலால் தூக்கினால் போதும் என்ற அளவுக்கு இலகுவாக ஏறி இறங்கியது. ஹெலன் அதை நாலைந்து தடவை சிறுபிள்ளை போல ஏற்றி இறக்கிப் பார்த்தார். குழலை ஒரு சமையலறைத் துவாயில் சுற்றிக் கொடுத்தார்.

காரில் நித்தி பேசவில்லை. நித்தி பேசாமல் இருப்பது எவ்வளவு பாரமானது என்று அப்போதுதான் தெரிந்தது. குழல் பின் இருக்கையில் இருந்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம். நெடுஞ்சாலை வடக்கே போய்க்கொண்டே இருந்தது. கடைகள் குறைந்தன, வயல்கள் வந்தன, வயலுக்கு நடுவில் திடீரென்று ஒரே மாதிரி வீடுகள்.

"ஸ்ரௌவ்வில் வந்திட்டுது" என்றார், தானே ஆச்சரியப்பட்டு. "வந்ததுதான் வந்தம், வீட்டைப் பாப்பம்."

புது வீட்டை எனக்குக் காட்டுவதற்காக ஒரு வீட்டின் முன் நிறுத்தி, இறங்கி, கராஜின் கதவைத் தட்டி, எவ்வளவு உறுதியான கதவு என்று விளக்கினார். முன் கதவைத் திறந்துகொண்டு ஒரு சீனத்துப் பெண்மணி, கையில் குழந்தையோடு வெளியே வந்தார். அது அவருடைய வீடு. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். நித்தியின் வீடு அடுத்த தெருவில். அங்கேயும் முதலில் நின்ற வீடு வேறு யாருடையதோ.

கடைசியில் சரியான வீட்டின் முன்னால், புல் இன்னும் பிடிக்காத மண்ணில் நின்றோம். நித்தி படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாலதிக்கு சேஃப் நம்பர் தெரியாது அக்கா" என்றார்.

"சொல்லலாமே."

"சொல்லக்கூடாது. சட்டம்." படியைக் காட்டி, "உந்தப் படியில அவ இருக்க, ஆக்கள் பாத்துக்கொண்டு போக, உள்ள துளைபோட..." என்றார். சப்பாத்தில் ஒட்டிய மண்ணைப் படியின் விளிம்பில் தேய்த்தார். "நாளைக்குப் பொலிசுக்குக் கோல் அடிக்கிறன். பிஸ்டலைக் குடுப்பம்."

நான் சொல்ல வேண்டிய பிரசங்கமெல்லாம் தயாராக இருந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே ஒத்திகை பார்த்தது. ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

மாலதி நம்பவில்லை. அவர் தொலைபேசியில் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்ட பிறகும் நம்பவில்லை. நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டாம், நாங்களே வருகிறோம் என்று சொன்னார்களாம். அவர்கள் வரும்வரை நித்திக்கு வேறு ஒரு பெரிய கேள்வி. எந்தக் குழலைப் பூட்டி அனுப்புவது?

"வெறும் உடம்பா அனுப்பேலாது அக்கா."

"உருக்கத்தானே போறாங்க?"

"எண்டாலும்."

காலுறைகளையெல்லாம் கழற்றிக் குழல்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். ஒன்றை எடுப்பார், வைப்பார். எட்டுப் பட்டைக் குழலைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார். கடைசியில், எப்போதும் இடது பக்கமே சுடுகிற ஒன்றைத் தெரிவு செய்தார். "உது என்னை ஒருநாளும் மதிச்சதில்லை" என்றார்.

போலிஸ் வந்தபோது காலைச் சாப்பாடு மேசையில் இருந்தது. ஓர் உயரமான வெள்ளைக்காரர். கூடவே ஒரு தமிழ்ப் பெண், அபிராமியைவிட சில வயது மூத்தவளாக இருப்பாள். தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, இடுப்பில் எல்லாவற்றையும் தொங்கவிட்டுக்கொண்டு, "வணக்கம் அன்ரி, சொறி, டிஸ்ரேர்ப் பண்ணுறம்" என்றாள். நித்தி துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்திருந்தார். பதிவு எண்ணைச் சரிபார்த்தார்கள். அவர் பரல் வகைகளைப் பற்றித் தொடங்கினார். அந்த உயரமான அதிகாரி, பாவம், ஒரு கேள்வி கேட்டுவிட்டார். அவர்கள் இருவரும் நிலவறைக்குப் போனார்கள்.

அந்தப் பெண் மாலதியிடம் திரும்பி, வேலைக்கான குரலில் கேட்டாள். "வேற துவக்கு ஏதும் வீட்டில இருக்கா அன்ரி?"

"இல்ல" என்றாள் மாலதி.

போலிஸ் பெண் ஏதோ குறித்துக்கொண்டாள். மாலதி மறுபடியும், "இல்ல" என்றாள். கொஞ்சம் உரத்து. பிறகு மூன்றாவது தடவை. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். மாலதியின் கை கதிரையின் முதுகைப் பிடித்திருந்தது.

"நீ கொழும்பில பேக்கரி வேலை பழகப் போன வருசம் அக்கா" என்றாள் என்னிடம், தமிழ்ப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே. "ஆமி வந்து ஊரச் சுத்தி வளைச்சவங்க. அம்மா காய்ச்சலில கிடந்தா. என்னத்தான் முத்தத்தில நிப்பாட்டிக் கேட்டவங்க, வீட்டில துவக்கு இருக்கா எண்டு. இல்லயெண்டு சொன்னன். திருப்பித் திருப்பிக் கேட்டவங்க. நானும் இல்ல, இல்ல எண்டு சொல்லிட்டு நிண்டன். ஆனா அது உண்மையா எண்டு எனக்கே தெரியாது. அந்த நாளில ஆர் எந்த வளவில எத மண்ணுக்க தாட்டுட்டுப் போறாங்க எண்டு ஆருக்குத் தெரியும்? அவங்க மண்வெட்டியால கொத்தக் கொத்த, இதில இருக்குமா, அதில இருக்குமா எண்டு நானும் பாத்துட்டு நிண்டன்."

"அவங்க ஒண்டும் எடுக்கல்ல. போயிட்டாங்க." அவள் மூக்கைத் துடைத்தாள். "இண்டைக்குத்தான் தெரிஞ்சுகொண்டு சொல்றன். இல்ல."

எனக்கு அது தெரியாது. கொழும்பிலிருந்து நான் வந்தபோது முற்றத்தில் கத்தரிக் கன்று நட்டிருந்தார்கள். நல்லாக் கொத்தியிருக்கிறீங்க என்று பாராட்டினேன்.

நித்தி படிக்கட்டின் மேல் படியில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவருக்குப் பின்னால் உயரமான அதிகாரி கையில் ஒரு குழலோடு, மொழி விளங்காமல், ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கி, அசையாமல் நின்றார்.

"நீர் எனக்குச் சொல்லேல்லையே" என்றார் நித்தி.

"நீங்க எப்ப வாய மூடினீங்க?" என்றாள் மாலதி.

அந்தப் போலிஸ் பெண்தான் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொறி அன்ரி" என்றாள். நித்தி குசினிக்குள் போய் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மனிதர் தேநீர் போட்டு நான் பார்த்ததில்லை. குடித்த பிறகு காரணமும் விளங்கியது. இரண்டு போலிஸ்காரர்களும் முழுவதையும் குடித்தார்கள். குழல்களை என்ன செய்வது என்று மாலதி கேட்டாள். அவருக்கு லைசென்ஸ் இருக்கும்வரை வைத்திருக்கலாம், எங்களுக்கு வேண்டாம் என்றார் உயரமானவர், கையிலிருந்ததைக் கொஞ்சம் தயக்கத்தோடு திருப்பிக் கொடுத்தபடி.

துப்பாக்கிப் பெட்டி போலிஸ் காரின் பின்பக்கத்துக்குள் போனது. கார் திரும்பி மறையும்வரை நித்தி நடைபாதையில் நின்றார். மாலதி போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. யன்னலைத் திறக்கப் பார்த்தேன், அது புது ரகம், எங்கே திறப்பது என்று தெரியவில்லை.

பால் காய்ச்சும் நாளன்று ஸ்ரௌவ்வில்லுக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். இந்தத் தடவை சரியான வீட்டுக்கு. மின்சார அடுப்பில் பால் பொங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஐயர் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே மந்திரத்தை மெதுவாக்கினார். பொங்கியதும் புகை எச்சரிக்கை மணி அலறியது. அதையும் மங்களமாகவே எடுத்துக்கொண்டோம். விருந்தாளிகளுக்கு நான் மீன் பணிஸ் சுட்டிருந்தேன். காதுத் தொப்பிப் பெரியவரும் வந்திருந்தார், நித்தியிடமிருந்து தூரமான கதிரையில்.

அவரைத் தேடி நான் இரண்டு பணிஸோடு போனபோது கதிரை காலியாக இருந்தது. கராஜுக்குள்ளிருந்து பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். நித்தி சுவரில் மரச் சட்டம் அடித்து, குழல்களை நீள வரிசைப்படி மாட்டியிருந்தார். காலுறைகள் இல்லாமல் அவை மினுங்கின. அதற்கு முன்னால், பட்டுச் சேலையோடு மாலதி நின்றுகொண்டிருந்தாள். பெரியவரும் இன்னும் நாலைந்து பேரும் தப்பிக்க வழியில்லாமல் அவளைச் சுற்றி நின்றார்கள். நித்தி ஓர் ஓரத்தில், தேநீர்த் தட்டோடு, வாய் திறக்காமல்.

"இது மெல்லிசு, சின்னக் குண்டுக்கு" என்றாள் மாலதி. "இது மான் சுடுறது, ஆனா இங்க சுட ஏலா. இது எட்டுப் பட்டை, லேசில கிடைக்கா, ஒரு அம்மா யன்னலுக்கு வச்சிருந்தவ. தொட்டுப் பாருங்க, பயப்பிடாதீங்க. துவக்கு இல்ல, பரல் மட்டும்தான்."

பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லோர் சார்பிலும் கேட்டார். "அப்ப பிள்ளை, துவக்கு இல்லாமல் உதுகள் என்னத்துக்கு உதவும்?"

மாலதி சேலைத் தலைப்பால் எட்டுப் பட்டைக் குழலின் நுனியைத் துடைத்தாள்.

"ஒண்டுக்கும் உதவாது" என்றாள். மகளுக்கு மருத்துவப் பீடம் கிடைத்ததை அறிவிக்கும் ஒரு தாயின் குரலில் அதைச் சொன்னாள்.